ஒன்பது மாதமும் இரண்டு நாளும்

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு எப்போது படிக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும் என்று நேற்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன், இதையாவது முழுசாகக் கேள்.

மூன்று தடவை எழுதியவள் சொல்கிறேன். முதல் தடவை மூன்று மாதம் படித்து மண்ணைக் கவ்வினேன். அடுத்தது ஆறு மாதம் படித்தேன், நூலிழையில் போனது. கடைசியில் ஒன்பது மாதம் படித்தேன், கிடைத்தது. பரீட்சை நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. விரல் விட்டு எண்ணிப் பார், இன்றோடு ஒன்பது மாதம்தான் பாக்கி. ஆகவே உன் கேள்விக்குப் பதில், இன்று. ஆகஸ்டில் புத்தகத்தைத் திறந்துவிட்டு அழாதே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

முதல் வேலையாக அந்தப் போனை லாக்கரில் பூட்டு. அம்மாவிடம் பேச வாரத்துக்கு ஒரு நாள் எடுத்தால் போதும். என்னிடம் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுது. ஒரு விஷயத்தைக் கோர்வையாக யோசிக்க உனக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

அப்பா முப்பது வருஷம் உன்னைப் போலவே கம்ப்ரஸர் அறையில் நின்றார். கடைசி இரண்டு வருஷம் மூச்சு வாங்கி, கட்டிலில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். நீயும் அப்படி உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மாவின் முழங்காலும் மாடிப்படியும் சமாதானமாகப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

போன் லாக்கரில். புத்தகம் மேசையில். படிப்பு வரும் திங்கட்கிழமையிலிருந்து. சிரிக்காதே.

நேரம் எங்கே இருக்கிறது, நீயே சொல். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை ஷிப்ட். குளிர்கிடங்கு முழுவதும் அமோனியாவில் ஓடுவது உனக்குத் தெரியும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ரவுண்டு. கம்ப்ரஸர் அறையில் தொடங்கி, பின்கட்டில் டேங்க் இருக்கும் அறை வரை, பிரஷர் காட்டும் கேஜ் பதினொன்று. ஒவ்வொன்றையும் பார்த்து லாக் ஷீட்டில் எழுதிவிட்டுத் திரும்ப இருபத்தைந்து நிமிடம். உட்கார்ந்தால் அடுத்த மணி அடித்துவிடுகிறது. அறைக்குப் போனால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிறது.

என்னோடு ஷிப்டில் இருப்பவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? எல்லோரும் அவனைத் தும்மல் என்றுதான் கூப்பிடுகிறோம். காற்றில் அமோனியா ஒரு துளி கலந்தாலும் அவனுக்குத் தும்மல் வந்துவிடும். கம்பெனி வாங்கி மாட்டிய கருவி கத்துவதற்குள் இவன் மூன்று முறை தும்மியிருப்பான். அவன் மனைவி பக்கத்துப் பேக்கிங் ஹாலில் வேலை செய்கிறாள், அவளையும் சேர்த்து அங்கே நாற்பது பெண்கள். தும்மல் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணா ரெண்டா?" என்று கேட்பார்கள். ஒன்று என்றால் ஜலதோஷம். இரண்டு என்றால் வாசல் பக்கம் நகர்வார்கள்.

லெட்டர்பேட் இல்லை, அதனால் பழைய லாக் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் திங்கட்கிழமை வந்ததா, இல்லை வழியிலேயே தங்கிவிட்டதா? எத்தனையோ திங்கட்கிழமைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ரவுண்டு இருபத்தைந்து நிமிடம். எட்டு ரவுண்டு என்றால் மூன்று மணி இருபது நிமிடம். ஒரு நாளைக்கு உனக்கு வேண்டிய படிப்பு நேரமும் மூன்று மணிதான்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினோரு எண்களும் மணிக்கு மணி மாறுமா? மாறாது என்றால், மாறாத ஒன்றைப் பார்த்துவிட்டு வர எட்டுத் தடவை நடப்பது எதற்கு? பார்சல் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன முதல் பாடமே பயனில்லாத நடையை வெட்டு என்பதுதான். வண்டியானாலும் மனுஷனானாலும் அப்படித்தான். யாரும் கேட்காத இடத்தில்தான் நேரம் ஒளிந்திருக்கும். தேடிப் பார்.

கணக்குப் புத்தகம் இரண்டும் மாதிரித் தேர்வுக் கட்டு ஒன்றும் எங்கள் கம்பெனி வண்டியிலேயே அனுப்பியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வந்து சேரும். என் பார்சல் எப்போது வரும் என்று நான் சொன்னால் அப்போது வரும்.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். பார்சல் நீ சொன்ன கிழமையிலேயே வந்தது.

எண்கள் மாறுவதில்லை. போன ஆறு மாத ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். புள்ளிக்கு அப்பால் ஒன்றிரண்டு கூடும், குறையும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படிக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, வந்தது. ஸ்டோர் ரூமுக்குள் பழைய மேசை ஒன்று இருக்கிறது, அதுதான் என் கல்லூரி. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு நாற்பது நிமிடத் தேர்வு எழுதுகிறேன். பாதியில் நிறுத்துவதே இல்லை. முதல் வாரத்தை விட மார்க் ஏறியிருக்கிறது.

தும்மல் என்னை "ஆபீஸர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். நீ போனதும் இந்த மேசையை ஞாபகார்த்தமாகப் பூட்டி வைப்போம் என்கிறான். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவளே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கால்வலி கூடக் கொஞ்சம் மறந்துபோயிருக்கிறது. என் தம்பி உருப்படுவான் என்று நான் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன், இனி நீ பின்வாங்க முடியாது.

நேரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அதை விட்டுவிடாதே. வாசிப்புப் பகுதியைத் தள்ளிப்போடாமல் தினமும் ஒன்று செய்.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அம்மாவும் நலம்தானே?

போன வாரத் தேர்வில் நூறு பேரில் தொண்ணூற்றொரு பேரை முந்தியிருக்கிறேன். தொண்ணூற்றேழு வந்தால் நீ சொன்ன கல்லூரிகள் கதவைத் திறக்கும். இன்னும் நாலரை மாதம் இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம். பின்கட்டில் டேங்க் அடியில் ஏழாம் நம்பர் வால்வு இருக்கிறது. அந்தப் பக்கம் போனாலே தும்மல் இரண்டு தும்முகிறான். அங்கே பிரஷர் ஏறுகிறது, பழுது பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னான். மேனேஜர் பத்து நாள் லாக் ஷீட்டை எடுத்து மேசையில் விரித்தார். "எல்லாம் நார்மலாத்தானே இருக்கு? உன் மூக்க நம்பி நான் பிளான்ட்ட நிறுத்தவா?" என்றாராம். சீசன் முடிந்து டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

ஷீட்டில் இருந்தது என் கையெழுத்து. தும்மல் அங்கே எதுவும் பேசவில்லையாம். வெளியே வந்து என்னைப் பார்த்து, "படி, படி" என்று மட்டும் சொன்னான்.

மை கொட்டிக் கெட்டுப்போன லாக் ஷீட் ஒன்று கையில் இருந்தது. அதன் பின்னால்தான் எழுதுகிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், பிறகு எழுந்துவிடுவேன்.

தொண்ணூற்றொன்று என்பது நல்ல எண்.

உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதியது ஒன்பதாம் தேதி. பின்பக்கத் தாளில் பத்தாம் தேதி போட்டிருந்தது. மை கொட்டியது ஓரத்தில்தான். மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

நல்ல லெட்டர்பேட் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இனிமேல் அதிலேயே எழுது. அந்தத் தாள்களில் எழுதாதே.

வேறென்ன சொல்ல? இன்னும் மூன்றரை மாதம்தான். வெள்ளம் தலைக்கு மேல் போகுமுன் கரையேறிவிடு. பின்கட்டுப் பக்கம் அதிகம் போகாதே.

அக்கா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

லெட்டர்பேட் கிடைத்தது. தாள் வழவழப்பாக இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் நலம்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். மாதிரித் தேர்வில் இப்போது தொண்ணூற்று நான்கு.

தும்மல் இப்போது நிறைய நடக்கிறான். என்னடா விஷயம் என்று கேட்டதற்கு, டாக்டர் நடக்கச் சொன்னார், தொப்பை விழுகிறதாம் என்றான். அவனுக்குத் தொப்பையே கிடையாது. நான் தேர்வு எழுதிவிட்டு ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்தால், அவன் பின்கட்டிலிருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வருவான். இருவரும் டீ குடிப்போம். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

தம்பி

*

நவம்பர் 13

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை அம்மாவிடம் சொல். ஏதாவது செய்தி காதுக்கு வருவதற்குள் சொல்.

நேற்று சாயங்காலம் நாலு இருபதுக்கு ஏழாம் நம்பர் வால்வு பிய்த்துக்கொண்டது. பேக்கிங் ஹாலில் இருந்த நாற்பது பேரும் வெளியே வந்துவிட்டார்கள். தும்மல் உள்ளே ஓடி மெயின் லைனை மூடினான். முகமூடி எடுக்க அவன் நிற்கவில்லை. வெளியே இழுத்துப் போட்டபோது இரண்டு கண்ணையும் கையால் பொத்திக்கொண்டிருந்தான். இப்போது கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

லெட்டர்பேடில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. திருப்பிப் பார், நேற்றைய தாள். நாலு இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. என் தாளில் ஐந்து மணிக்குப் பிரஷர் சரியாக இருக்கிறது. ஆறு மணிக்கும் சரியாக இருக்கிறது. பிளான்ட்டில் ஒரு விளக்குக் கூட எரியாத ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் என் கையெழுத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. குழப்பத்தில் யாரும் கவனிக்கவில்லை, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

இங்கே வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. கிழிக்கக் கையும் வரவில்லை. உன்னிடம் இருக்கட்டும்.

பரீட்சைக்குப் பதினேழு நாள்.

*

நவம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

பிளான்ட்டில் ஏதோ பழுது, உனக்கு ஒரு வாரம் லீவு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள். நம்பாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பெரிய அகராதிக்குள் வைத்திருக்கிறேன், அதை இந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை.

நீ இப்போது யாரிடமும் எதுவும் பேசாதே. முதலில் பரீட்சையை எழுது. ஒன்பது மாத உழைப்பு வீணாகக் கூடாது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பரீட்சை ஹாலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடு. தண்ணீர் குடி.

இதை எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா

*

டிசம்பர் 3

அன்புள்ள அக்கா,

பரீட்சை நன்றாக எழுதினேன். இதுவரை எழுதியதிலேயே நன்றாக. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியலாம் என்கிறார்கள். என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். "ஆபீஸரா? எழுதிட்டியா?" என்று கேட்டான். எழுதிவிட்டேன் என்றேன். அவன் மனைவி தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். பிறகு சொன்னான்.

"நீ உக்காந்த எடத்துல எழுதி வெக்கிறது மார்ச்சுலயே எனக்குத் தெரியும்டா. யாராச்சும் ஒருத்தன் போய்ப் பாக்கணும்ல? அதான் நான் நடந்தேன்."

மேனேஜரிடம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஷீட்டு பொய்னு சொன்னா உன் வேலை போயிருக்கும். அப்புறம் எங்க பரீட்சை? நவம்பர் வரைக்கும் சமாளிச்சிரலாம்னு நெனச்சேன். பதினெட்டு நாள்தான் பாக்கி இருந்துச்சு."

அக்கா, உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று அபாய மணி அடித்தது எனக்குக் கேட்டது. ஸ்டோர் ரூமில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, தேர்வு முடிய ஆறு நிமிடம் இருந்தது. ஏதோ ஒத்திகை என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு கணக்குப் போட்டேன். இரண்டும் சரியான விடை.

விசாரணை நடக்கிறது. அன்றைய லாக் ஷீட் காணவில்லை. டியூட்டி பட்டியலில் முதல் பெயர் தும்மலுடையது என்பதால், அவன் ரவுண்டே போகவில்லை, அதனால்தான் ஷீட் இல்லை என்று எழுதப்போகிறார்கள். அப்படி எழுதிவிட்டால் அவனுக்கு வேலையும் இல்லை, கண் சிகிச்சையும் அவன் பாடு. அவன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். என்னிடமும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

ஜனவரியில் ரிசல்ட். மார்ச்சில் இன்டர்வியூ. ஜூனில் கல்லூரி திறக்கும். நான் சொல்லத்தான் போகிறேன், சொல்லாமல் இருக்க மாட்டேன். எப்போது சொல்லத் தொடங்கினால் சரியாக இருக்கும்? நீதான் எனக்கு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பாய்.

தம்பி

*

டிசம்பர் 9, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலிலிருந்து சொன்னேன். சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். காலையில் எழுந்து, "அந்தப் பொண்ணு யாரு, அவன் பொண்டாட்டி, அவளுக்குக் கூட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். 

ஜூலையில் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து வாரம் யோசித்துவிட்டு உனக்கு ஒரு லெட்டர்பேட் அனுப்பினேன். நான் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மாறாத எண்ணைப் பார்க்க எதற்கு நடக்கிறாய் என்று மார்ச்சில் எழுதியவளும் நான்தான். அந்த நடையைத்தான் அவன் உனக்காக நடந்திருக்கிறான். பிப்ரவரியில் கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி எழுதினேன். எந்தக் கையால் எழுதினேனோ தெரியவில்லை.

அகராதியைத் திறந்து தாளை எடுத்துவிட்டேன். அதோடு உன் ஜூலை கடிதத்தையும் சேர்த்து, நான் என்ன எழுதினேன், எப்போது தெரிந்தும் சும்மா இருந்தேன் என்று என் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, விசாரணை அதிகாரியின் முகவரிக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ மார்ச் என்பாய், நானும் சரி என்பேன்.

என் பார்சல் எப்போது வரும் என்று நான் சொன்னால் அப்போது வரும் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அவசர வண்டியில் போட்டிருக்கிறேன், நாளை புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு உன் கையில் இருக்கும். விசாரணை அதிகாரிக்குப் போகும் கவரைச் சாதாரண வண்டியில் போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம்தான் அவர் மேசைக்குப் போகும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்.

நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. கவர் போய்ச் சேருவதற்கு முன்னால் நீயாகப் போய்ச் சொல்லலாம். என் மார்ச் கடிதம் உன்னிடம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு போ. நான் வியாழக்கிழமை காலை அங்கே வந்துவிடுவேன், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன்.

எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டாய். இதை மடித்துப் பையில் வைத்ததும் தொடங்கு.

அக்கா